கேரி தீவின் களிமண்ணும் பதினாறில் ஒரு பங்கு ஏக்கரும்

சிலாங்கூர் மாநில வரைபடத்தை எடுத்து அதன் கடற்கரையைப் பாருங்கள். கோலக்கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆற்றின் கிளைகள் நிலத்தைப் பிரித்துவிட்ட இடத்தில் கேரி தீவு இருக்கிறது. பெயர்தான் தீவு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் இந்தப் பக்கம் தெலுக் பங்லிமா காராங், இன்னும் கொஞ்சம் போனால் பந்திங். கோலலங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தத் தீவின் பரப்பு சுமார் 32,000 ஏக்கர். இன்றைக்குப் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான்.

தோட்டப்புறத் தமிழர் வரலாறு என்றதும் மாணவர்கள் கப்பல், கங்காணி, லயம், பால்மரம், கூலி என்று வரிசையாக எழுதிவிடுவார்கள். காலடியில் கிடந்த மண்ணைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் கேரி தீவு போன்ற கடலோரத் தோட்டங்களில் ஒரு குடும்பம் நன்றாகச் சாப்பிட்டதா, அரைவயிற்றோடு படுத்ததா என்பதில் அந்த மண்ணுக்கும் பங்கு உண்டு. இந்த மண் இரண்டு முறை திருத்தப்பட்டது. ஒரு முறை கம்பெனி திருத்தியது. அது ஆவணங்களில் இருக்கிறது. இன்னொரு முறை லயத்துக் குடும்பங்கள் திருத்தின. அது பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது.

கடல் விட்டுச்சென்ற மண்

சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மலாயாத் தீபகற்பத்தைச் சுற்றிக் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. பிறகு கடல் மெல்ல இறங்கியது. ஆறுகள் கொண்டுவந்த மெல்லிய வண்டல் அலையில்லாத இடங்களில் படிந்தது. அதன்மேல் சதுப்புநிலக் காடு வளர்ந்தது. கேரி தீவு, கிள்ளான், கோலலங்காட், கோல சிலாங்கூர் கரையோரம் முழுவதும் இப்படி உருவான கடற்களிமண் நிலம்தான். மண் ஆய்வாளர்கள் இக்கரையோரக் களிமண் வகை ஒன்றுக்குச் ‘சிலாங்கூர் தொடர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

களிமண் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். மண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் அது களி. இவ்வளவு சிறிய துகள்கள் நெருங்கி அடுக்கப்படும்போது நடுவில் காற்றுக்கு இடம் இருக்காது. மழை பெய்தால் பசை மாதிரி மண்வெட்டியில் ஒட்டிக்கொள்ளும். வெயில் அடித்தால் செங்கல் மாதிரி இறுகி வெடிக்கும். ஆனால் ஒரு நல்ல குணமும் உண்டு. சத்துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆற்றல் மணலைவிடக் களிமண்ணுக்குப் பல மடங்கு அதிகம். ஆகவே களிமண்ணை ‘ஏழை மண்’ என்பதைவிடப் பூட்டிய பெட்டி என்பது பொருந்தும். உள்ளே பொருள் இருக்கிறது. வேர் உள்ளே போக வழியில்லை.

கேரி துரையும் கரையும்

தீவு ஒருபோதும் ஆளில்லாத இடமாக இருந்ததில்லை. மா மெரி பூர்வக்குடி மக்கள் தோட்டங்கள் வருவதற்கு முன்பிருந்தே இங்கே வாழ்ந்தவர்கள். சுங்கை பும்பூன் கிராமத்தின் மரச்சிற்பக் கலை இன்றும் புகழ்பெற்றது.

இலங்கையில் தோட்டத் தொழில் செய்துவிட்டு மலாயா வந்த எட்வர்டு வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தீவில் தோட்டம் திறந்தார். தீவின் இன்றைய பெயர் அவருடையது. அதற்கு முன் சிலாங்கூரில் காப்பி பயிரிட்டவர்கள் விலைச்சரிவில் அடிவாங்கியிருந்தார்கள். அடுத்து வந்தது ரப்பர்.

காட்டை வெட்டிவிட்டால் மட்டும் இங்கே தோட்டம் வந்துவிடாது. கிள்ளான் கரையில் பெரிய ஏற்றத்தின்போதும் வற்றத்தின்போதும் கடல்நீர் ஏறி இறங்கும் வித்தியாசம் சுமார் 4 மீட்டர். தீவின் நிலமோ பெரிய ஏற்றத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஆகவே நிலத்தைச் சுற்றி மண்கரை எழுப்ப வேண்டும். உள்ளே பெரிய கால்வாய், சின்னக் கால்வாய், வயல்கான் என்று வரிசையாக வெட்ட வேண்டும். கால்வாய் கடலைச் சேரும் இடத்தில் தண்ணீர்க் கதவு வைக்க வேண்டும். கடல் இறங்கும்போது கதவு திறந்து உள்நீர் வெளியேறும். கடல் ஏறும்போது கதவு மூடிக்கொள்ளும். இந்த ஏற்பாடு நின்றுபோனால் தோட்டமும் நின்றுபோகும். இதுதான் மண்ணின் முதல் திருத்தம். பணம் கம்பெனியுடையது, மண்ணை வெட்டிச் சுமந்த கைகள் தொழிலாளர்களுடையவை.

காய்ந்தால் புளிக்கும் மண்

இங்கேதான் ஒரு சிக்கல். சதுப்புக் காட்டின் அடியில், காற்றுப் படாத சேற்றில், கடல்நீரிலிருந்து வந்த கந்தகமும் மண்ணிலுள்ள இரும்பும் சேர்ந்து ‘பைரைட்’ என்ற கனிமம் உண்டாகியிருக்கும். தண்ணீருக்குள் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. கால்வாய் வெட்டி நீர்மட்டம் இறங்கியதும் காற்று உள்ளே போகும். பைரைட் காற்றோடு சேர்ந்து கந்தக அமிலமாக மாறும். அமிலகாரக் குறியீடு 3.5-க்கும் கீழே போய்விடும். களிமண்ணுக்குள் கட்டுண்டிருந்த அலுமினியம் கரைந்து வேர்களைக் கருக்கும். இதற்கு அமில சல்பேட் மண் என்று பெயர். கேரி தீவின் சில பகுதிகளில் இந்த மண் இருப்பதை வேளாண் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இதைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். கால்வாய் அடியிலிருந்து அள்ளிப்போட்ட சாம்பல் நிறச் சேறு சில வாரம் காய்ந்தபின் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் தோன்றும். கானில் ஓடும் தண்ணீர் துருப்பிடித்த மாதிரி சிவந்திருக்கும். அந்தச் சேற்றைக் கொண்டு பாத்தியை உயர்த்தினால் அங்கே புல்கூட முளைக்கத் தயங்கும்.

திருக்குறளின் உழவு அதிகாரத்தை மாணவர்கள் படித்திருப்பீர்கள். உழுத மண்ணை நன்றாகக் காயவிட்டால் எருவே தேவைப்படாது என்ற கருத்தை ஒரு குறளில் வள்ளுவர் சொல்கிறார். அடுத்த குறளிலேயே உழுவதைவிட எருவிடுவது மேல் என்கிறார். தமிழ்நாட்டு வயலுக்கு முதல் அறிவுரை பொருந்தும். காய்ந்து நனையும் களிமண் பொலபொலவென்று உதிரும். கேரி தீவில் மேல்மண்ணுக்கு அது சரி. ஆழம்வரை காயவிட்டால் அமிலம்தான் மிஞ்சும். இரண்டாவது அறிவுரை மட்டும் எந்த மண்ணுக்கும் பொருந்துகிறது.

திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து வந்தவர்களில் உழவு தெரிந்தவர்கள் பலர். களிமண் அவர்களுக்குப் புதிதல்ல. புளிக்கும் களிமண்தான் புதிது.

பதினாறில் ஒரு பங்கு

இப்போது சட்டத்துக்கு வருவோம். தேர்வில் இது பயன்படும். மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. குடும்பத்தோடு தோட்டத்தில் வாழும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு என்ற கணக்கில் நிலம் ஒதுக்க வேண்டும் என்பது அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. பதினாறால் வகுத்தால் 2,722 சதுர அடி, அதாவது சுமார் 253 சதுர மீட்டர். ஒரு பூப்பந்தாட்ட மைதானத்தின் பரப்பு சுமார் 82 சதுர மீட்டர். அப்படி மூன்று மைதானம் அளவு. நன்றாகப் பராமரித்தால் ஒரு குடும்பத்தின் கீரைக்கும் காய்க்கும் இது தாராளம்.

ஆனால் சட்டம் எவ்வளவு நிலம் என்றுதான் சொன்னது. அந்த மண்ணைக் காய்கறி விளையும் மண்ணாக மாற்றும் வேலையை யார் செய்வது? விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்வெட்டு முடித்து, வாளி கழுவி வீடு திரும்பியவர்கள்தான் செய்தார்கள். அந்த உழைப்புக்குச் செக்ரோலில் பெயரும் இல்லை, கூலியும் இல்லை. தண்ணீர் ஊற்றியதும் குப்பை சுமந்ததும் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்.

லயத்துக்குப் பின்னால் நடந்த வேலை

கடலோரத் தோட்டங்களில் அவர்கள் கையாண்ட முறைகளை இன்றைய மண்ணியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

முதலாவது மேட்டுப்பாத்தி. இரண்டு பக்கமும் கான் இறக்கி, மேல்மண்ணை மட்டும் நடுவில் குவிப்பது. வேர் தண்ணீரில் மூழ்காது. கான் ஆழம் குறைவாக இருந்தால் அடியிலுள்ள சேறு ஈரமாகவே இருக்கும், புளிக்காது. செம்பனைத் தோட்டங்களில் இன்றும் அமில சல்பேட் நிலத்தில் நீர்மட்டத்தை மேற்பரப்பிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது சாம்பல். விறகடுப்புதான் அப்போது. தினமும் சாம்பல் கிடைக்கும். அதில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் உண்டு, புளிப்பைத் தணிக்கும். பாத்திரம் துலக்கியது போக மிச்சம் பாத்திக்குப் போனது. முட்டை ஓடும் சிப்பி ஓடும் இடித்துப் போட்டாலும் பலன் அதேதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்கிறது. அதிலுள்ள கால்சியம் களித்துகள்களை ஒன்றோடொன்று கொத்தாகச் சேர்க்கும். நடுவே இடைவெளி விழும்.

மூன்றாவதும் முக்கியமானதும் சாணமும் குப்பையும். தோட்டத் தமிழர் பலர் மாடும் ஆடும் கோழியும் வளர்த்தார்கள். சாணி, தொழுவக் கூளம், வாழை மட்டை, காய்ந்த இலை, சமையல் கழிவு எல்லாம் குழிக்குப் போய் மக்கி எருவாகும். இதனால் களிமண்ணுக்கு என்ன நடக்கிறது? மக்கிய பொருளைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் பசைபோன்ற பொருள்களை வெளியிடும். பூஞ்சை இழைகள் துகள்களைச் சுற்றிக் கட்டும். மண்புழு துளை போடும். தூள் களி, பொல பொல உருண்டைகளாக மாறும். வேருக்குக் காற்று கிடைக்கும். மேலும், கரைந்து அலையும் அலுமினியத்தை மக்கு தன்னோடு பிணைத்து வேருக்குத் தீங்கில்லாமல் ஆக்கும். ஆக, ஒரே எரு இரண்டு நோய்க்கும் மருந்து.

இதே காலத்தில் இந்தியாவில் என்ன நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட், பயிர்க்கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கிப் புரட்டி மக்கவைக்கும் ‘இந்தூர் முறை’யை வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். உலக இயற்கை வேளாண்மை இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவர் போற்றப்படுகிறார். இந்திய விவசாயிகளிடம் தாம் கற்றதை அவரே ஒப்புக்கொண்டவர். ஹோவர்ட் எடுத்த அதே பொருள்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த குப்பைக் குழியிலும் இருந்தன. ஒன்று நூலாயிற்று, மற்றது பேச்சோடு போயிற்று.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. நம் நாட்டு வெப்பத்திலும் மழையிலும் மக்கு வேகமாகச் சிதைந்துவிடும். குளிர்நாட்டில் ஆண்டுக்கணக்கில் நிற்பது இங்கே சில மாதத்தில் தீர்ந்துபோகும். ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் எரு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் மண் பழையபடி இறுகிவிடும். தோட்டத்துப் பாத்தி என்பது ஒருமுறை செய்து முடித்த பொருளல்ல, தொடர்ந்து கொடுத்த உழைப்பு.

பாத்தி சோறு போட்ட காலம்

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை படுத்துவிட்டது. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நிர்ணயக் கூலி 1930-இல் 40 காசு, 32 காசு எனக் குறைக்கப்பட்டது; பிறகு இன்னும் இறங்கியது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இருந்தவர்களுக்குக் கூலி போதவில்லை. பாத்தியிலிருந்த கீரையும் முருங்கையும் அப்போது துணைக்கறி என்ற நிலையைத் தாண்டிவிட்டன.

அதைவிடக் கொடுமை ஜப்பானியர் ஆட்சிக் காலம். 1942 தொடக்கத்திலிருந்து 1945 வரை அரிசி இறக்குமதி ஏறக்குறைய நின்றது. ரப்பருக்குச் சந்தை இல்லை, கூலியும் இல்லை. ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. லயத்தில் மிஞ்சியவர்களில் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளுமே அதிகம். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கீரையும் அவர்களைக் காப்பாற்றின. யோசித்துப் பாருங்கள்: அதற்கு முன் பத்து ஆண்டு எரு வாங்கிய பாத்தியும், இறுகிக் கிடந்த வெறும் களிமண்ணும் அந்த மூன்றரை ஆண்டில் ஒரே அளவு விளைந்திருக்குமா? எரு சுமந்த வேலை அப்போதுதான் தன் மதிப்பைக் காட்டியது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1974-இல் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றிக் காய்கறி பயிரிடுமாறு மக்களை அழைத்தார். தோட்டப்புறத்தில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலை.

மண் யாருக்கு?

1960-களிலிருந்து ரப்பர் நிலம் செம்பனைக்கு மாறியது. கடற்களிமண் செம்பனைக்கு மிகவும் உகந்தது. நாட்டின் சிறந்த செம்பனை நிலங்களில் சிலாங்கூர்க் கரையோரமும் ஒன்று. ‘அப்படியானால் அது எப்படிக் கெட்ட மண்?’ என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. செம்பனை பல்லாண்டுப் பயிர்; ஓரளவு புளிப்பையும் ஈரத்தையும் தாங்கும். கீரையும் வெண்டையும் மேல்மண்ணில் சில வாரத்தில் வேரூன்றி வளர வேண்டியவை; அமிலகாரக் குறியீடு 5.5-க்கு மேல் இருந்தால்தான் நன்றாக வரும். மண் நல்லதா கெட்டதா என்பது என்ன பயிர், யாருடைய பயிர் என்பதைப் பொறுத்தது.

தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை ஓய்ந்தால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். முப்பது ஆண்டு சாணமும் சாம்பலும் கொட்டிப் பதப்படுத்திய பாத்திக்கு அந்தக் குடும்பத்திடம் எந்தப் பத்திரமும் கிடையாது. தட்டுமுட்டுச் சாமானை லாரியில் ஏற்றலாம்; மண்ணை ஏற்ற முடியாது. கரை எழுப்பிய செலவு கம்பெனியின் கணக்கில் சொத்தாக ஏறியது. பாத்தியைத் திருத்திய உழைப்பு யார் கணக்கிலும் ஏறவில்லை. தோட்டத் தொழிலாளரின் நிலவுரிமை பற்றிப் பேசும்போது கூலியையும் வீட்டையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அவர்கள் உண்டாக்கிய மண்ணையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

பள்ளித் தோட்டத்தில் செய்து பாருங்கள்

கிள்ளான், பந்திங், கேரி தீவு வட்டாரத்துப் பள்ளிகளில் பலவற்றின் மண் இதே களிதான். வரலாற்றைக் கையால் தொட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

1. ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி நாள்கணக்கில் கலங்கியே நிற்கும்.

2. ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நாடாவாகத் தள்ளுங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் அறுபடாமல் நீண்டால் அது நல்ல களி.

3. மேல்மண்ணின் அமிலகாரக் குறியீட்டைச் சோதனைத் தாளால் பாருங்கள். கான் அடியிலுள்ள சாம்பல் நிறச் சேற்றையும் சோதியுங்கள். அதையே லேசான ஈரத்தோடு திறந்துவைத்து, எட்டு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். எண் மளமளவென்று இறங்கியிருந்தால் அந்தச் சேற்றைப் பாத்தியில் போடாதீர்கள்.

4. 1.2 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளத்தில் மேட்டுப்பாத்தி இரண்டு போடுங்கள். ஒன்றில் மட்டும் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு நன்கு மக்கிய எருவைப் பரப்பி மேல்மண்ணோடு கலக்குங்கள். இதற்கு ஏறக்குறைய 0.36 கன மீட்டர் எரு வேண்டும். இரண்டிலும் கீரை விதைத்து ஒப்பிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. களிமண் இளகட்டும் என்று கொஞ்சம் மணலைக் கலக்க வேண்டாம். மணல் பாதிக்குமேல் இருந்தால்தான் மண்ணின் குணம் மாறும். கொஞ்சமாகக் கலந்தால் இன்னும் இறுகிப்போகும். மண் சொதசொதவென்று இருக்கும்போது அதில் இறங்கி மிதிப்பதும் கொத்துவதும் கூடாது. பாத்தியின்மேல் வைக்கோலோ காய்ந்த இலையோ செம்பனை வெற்றுக்குலையோ மூடாக்காகப் போட்டுவையுங்கள்.

சிந்திக்கவும் எழுதவும்

அ. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முதல்நிலைச் சான்று. லயத்துத் தோட்டம் பற்றி ஒரு பாட்டி சொல்லும் நினைவும் முதல்நிலைச் சான்றுதான். இரண்டும் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன?

ஆ. கடலோரத் தோட்டத்தில் கால்வாய் வெட்டியதால் விளைந்த ஒரு நன்மையையும் ஒரு தீமையையும் காரணத்தோடு விளக்குக.

இ. செம்பனைக்கு ஏற்ற மண் கீரைக்கு ஏற்காதது ஏன்?

ஈ. உங்கள் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ தோட்டத்தில் வாழ்ந்த மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள்: என்ன காய் போட்டார்கள், எரு எங்கிருந்து வந்தது, யார் சுமந்தது, வீட்டைக் காலிசெய்தபோது அந்தப் பாத்தி என்ன ஆயிற்று? பதிலை அவர் பேசிய தமிழிலேயே எழுதி, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். அப்படிக் கேட்கக்கூடிய மூத்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறார்கள். இந்தப் பயிற்சியை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.